ஆடி அமாவாசைக்கு முன்னரே: தாய் தந்தையரின் அன்றாட உழைப்பை அறிந்து மதிப்பதற்கு ஒரு வழிகாட்டி

ஆடி அமாவாசையன்று மாமாங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தக் குளத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கண்டவர் எவருக்கும், மட்டக்களப்பு மக்கள் பெற்றவர்களை மறப்பவர்கள் என்று சொல்ல மனம் வராது. தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும் தாயை இழந்தவர்கள் சித்திரைப் பூரணையிலும் விரதமிருந்து, அவர்களுக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்த பின்னரே தாம் உண்பது எங்கள் வழக்கம். என் தந்தை காலமான பின் வந்த முதலாவது ஆடி அமாவாசையில், அப்பாவுக்கு மிகவும் விருப்பமானது எது என்று பேச்சு வந்தபோது, பிள்ளைகள் நால்வரும் நான்கு விதமாகச் சொன்னோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் வெறுந்தேநீர் ஊற்றிக் கொண்டுவந்து, அதனருகில் ஒரு துண்டுச் சர்க்கரையை வைத்தார். விடியப்புறம் வயலுக்குப் புறப்படும்போது முப்பது ஆண்டுகளாக அப்பா குடித்தது அதுதான். அந்த நேரத்தில் நாங்கள் நால்வரும் உறங்கிக்கொண்டிருந்தோம்.

தாயும் தந்தையும் உயிரோடிருக்கும்போதே, அவர்கள் ஒவ்வொரு நாளும் செய்வது என்ன என்பதை அறிந்துகொள்வதும், அறிந்ததை அவர்களிடம் சொல்வதும், அதில் ஒரு பங்கை நாம் ஏற்பதும் எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன். மே மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினமாகவும் யூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினமாகவும் இப்போது எங்கள் ஊர்களிலும் கொண்டாடப்படுகின்றன. யூன் 1 ஆம் திகதியை உலகப் பெற்றோர் தினமாக ஐக்கிய நாடுகள் சபை 2012 இல் அறிவித்தது. அந்த நாட்களில் பரிசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் தியாகம், தெய்வம் என்ற பெரிய சொற்களை மட்டும் சொல்லிப் பழகியவர்களுக்கு, அந்தச் சொற்களே ஒரு திரையாகிவிடுகின்றன என்பது என் அனுபவம். தெய்வம் என்று கும்பிட்டுவிட்ட ஒருவரிடம், முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

ஒரு சாதாரண நாளை எழுதிப் பாருங்கள்

திருவிழா, போயா விடுமுறை, விருந்தினர் வரும் நாள் ஆகியவற்றை விட்டுவிட்டு, பாடசாலையும் வேலையும் உள்ள ஒரு செவ்வாயையோ புதனையோ தேர்ந்தெடுத்து, ஒரு கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். குசினியில் முதல் விளக்கு எரியும் நேரத்திலிருந்து இரவில் கதவு பூட்டப்படும் நேரம் வரை, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை, வீட்டில் எந்த வேலை நடக்கிறது, அதை யார் செய்கிறார் என்று எழுதுங்கள். யார் கூடுதலாக உழைக்கிறார் என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதைச் செய்யக் கூடாது. அப்படித் தொடங்கினால் மறுநாளே வீட்டில் சண்டை வரும். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் நாடு முழுவதற்குமான முதலாவது நேரப் பயன்பாட்டு ஆய்வை நடத்தியபோது, சம்பளம் கிடைக்காத சமையலையும் துப்புரவையும் பிள்ளை பராமரிப்பையும் நேரமாகக் கணக்கெடுத்தது. ஒரு நாடு தன் மக்களைப் பற்றி அறிய விரும்பியதை நாம் நம்முடைய வீட்டைப் பற்றி அறிய விரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கொப்பியில் மூன்றாவதாக ஒரு நிரலும் வேண்டும் என்பதை நான் பிந்தித்தான் கற்றுக்கொண்டேன். வேலை என்ன, செய்தவர் யார் என்பவற்றோடு, அந்த வேலையை நினைவில் வைத்திருந்தவர் யார் என்பதையும் எழுத வேண்டும். தேங்காய் திருவி, நீத்துப்பெட்டியில் பிட்டவித்து, சோறு கட்டி, சீருடையை மடித்து வைப்பதைக் கண்ணால் காணலாம். கடைசிக் குழந்தையின் தடுப்பூசித் திகதி, மாமியாரின் சீனி நோய்க் குளிசை எந்த நாளோடு முடிகிறது என்பது, சீட்டுக் காசு கொடுக்க வேண்டிய நாள், அடுத்த தெருவில் நடந்த மரண வீட்டின் முப்பத்தோராம் நாள், மூத்தவனின் பிரத்தியேக வகுப்புக் கட்டணம், அரிசிப் பானையில் இன்னும் எத்தனை நாளுக்கு அரிசி இருக்கிறது என்பது எல்லாம் ஒருவருடைய தலைக்குள் மட்டும் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் அந்தத் தலை தாயினுடையது. அவர் சும்மா குந்தியிருப்பதாக நாம் எண்ணும் அந்தப் பத்து நிமிடத்திலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. இதை எழுதி முடித்த பின், "வீட்டில் சும்மாதானே இருக்கிறா" என்ற வாக்கியம் உங்கள் வாயிலிருந்து வராது என்று நான் நம்புகிறேன்.

தந்தையின் வேலையிடத்துக்குப் போங்கள்

வீட்டில் எழுதும் கொப்பியில் தந்தைக்குப் பல பக்கங்கள் வெறுமையாக இருக்கும். எங்கள் பகுதியில் தந்தையின் உழைப்பு பெரும்பாலும் பிள்ளைகளின் பார்வைக்கு எட்டாத தூரத்தில் நடப்பதே அதற்குக் காரணம். என் தந்தை மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து, கிழக்குக் கரையான எழுவான்கரையில் குருமண்வெளிக்குக் கலியாணம் முடித்து வந்தவர். அவர் குத்தகைக்கு எடுத்துச் செய்த வயல் வாவிக்கு அப்பால், நவகிரிக் குளத்து நீர் பாயும் பக்கத்தில் இருந்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் துவிச்சக்கர வண்டியோடு மண்டூர்ப் பாதையில் ஏறி, வாவியைக் கடந்து, வேலை முடிந்து மீண்டும் கடந்து வந்தார். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கு பாதை என்பது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. பெரும்போகத்தில் கதிர் முற்றும் காலத்தில், யானைக் காவலுக்காக வாடியில், அதாவது வயற்குடிசையில், இரவு தங்கிவிடுவார். எனக்குப் பதினேழு வயதாகும் வரை அந்த வாடிக்குள் நான் கால் வைத்ததில்லை. அங்கு போன முதல் நாளில், நுளம்புப் புகையில் கறுத்துப்போன அந்தக் கூரையையும், கயிற்றில் தொங்கிய ஒரேயொரு போத்தல் தண்ணீரையும் கண்டபோது, வீட்டுக்கு வந்ததும் அவர் ஏன் பேசாமல் படுத்துவிடுகிறார் என்பது விளங்கியது.

ஆகவே, உங்கள் தந்தை வயல் செய்பவரானால் ஒருமுறை வரம்பு கட்டும் நாளில் அவரோடு போங்கள். வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பலநாட் படகில் போகிறவரானால், படகு வந்து சேரும் நேரத்தில் துறையில் நில்லுங்கள். மேசன் வேலை செய்பவரானால் மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் உண்டு முடிக்கும் வரை அங்கேயே இருங்கள். கந்தோரில் வேலை செய்யும் தந்தையிடமும் தாயிடமும் கேட்டறிவதற்கு நிறைய உண்டு. "வேலை எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால் "இருக்குது" என்ற ஒரு சொல்லே பதிலாக வரும். இன்று யாரோடு சாப்பிட்டீர்கள், வெயில் ஏறியபோது எங்கே ஒதுங்கினீர்கள், கணக்கு முடித்துக் கையில் கிடைத்த காசு எவ்வளவு என்று குறிப்பாகக் கேளுங்கள். நேருக்கு நேர் இருத்தி வைத்துக் கேட்பதைவிட, வலை பொத்தும்போது பக்கத்திலிருந்து நூல் எடுத்துக் கொடுத்துக்கொண்டோ வண்டியில் பின்னால் இருந்துகொண்டோ கேட்டால், எங்கள் அப்பாமார் கூடுதலாகப் பேசுவார்கள்.

அவர்கள் பேசாமல் விட்டவற்றையும் தேட வேண்டும். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதை அடுத்து வந்த பெரும்போகத்தில், பதர் கூடிய வயலைப் பார்த்துவிட்டு வந்த எத்தனையோ தந்தையர், வீட்டில் அந்தக் கணக்கைச் சொல்லவில்லை; அம்மாவின் காப்பு ஈடு வைக்கப்பட்டதைப் பிள்ளைகள் பல மாதங்களின் பின்னரே அறிந்தார்கள். அடுத்த ஆண்டு எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவிரவாக வரிசையில் நின்றவர்களையும் நாம் மறந்துகொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் அந்த இரண்டு ஆண்டுகளும் எப்படிக் கடந்தன என்று இப்போதாவது கேளுங்கள்.

வந்து சேர்ந்தவரும் வீட்டுக்கு உரியவரும்

இதில் எங்கள் பிரதேசத்துக்கே உரிய ஒரு செய்தி உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் குடி என்ற குலப் பிரிவு தாய்வழியாக வருவது. என்ன குடி என்று ஒருவரைக் கேட்டால் அவர் சொல்வது தாயின் குடியையே. தமிழர்களிடம் மட்டுமன்றி முஸ்லிம்களிடமும் இந்த முறை வேரூன்றியிருக்கிறது. வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை அங்கு வந்து வாழ்கிறார். ஆகவே தாயின் உழைப்பு வீட்டுக்குள் மறைந்துபோவதைப் போல, தந்தையின் உழைப்பு வேறொரு விதத்தில் மறைந்துபோகிறது. அவர் மனைவியின் உறவினர் நடுவே, மனைவியின் வளவில், வந்து சேர்ந்தவராக ஒரு வாழ்நாளைக் கழிக்கிறார். பிள்ளைகள் தாய்மாமனை அறிந்த அளவுக்குச் சில வேளைகளில் தந்தையின் தமையனை அறிவதில்லை. நான் தம்பிலுவிலுக்குக் கலியாணம் முடித்து வந்த பிறகுதான், குருமண்வெளியில் என் தந்தை எவ்வளவு கவனமாக ஒவ்வொரு சொல்லையும் பேசியிருப்பார் என்பதை உணர்ந்தேன்.

இதற்குச் செய்யக்கூடியது எளிது. பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது தந்தை பிறந்த ஊருக்குக் கூட்டிச் சென்று, அவர் நீந்திய குளத்தையும் படித்த பாடசாலையையும் அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். மகளுக்கான வீட்டைக் கட்டி முடிக்கத் தாயும் தந்தையும் எத்தனை ஆண்டுகள் எடுத்தார்கள், எந்த விளைச்சலில் அத்திவாரம் போட்டார்கள், எந்தச் சீட்டில் கூரை ஏறியது என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த வீட்டில் வாழப்போகிறவர்களுக்கு அது உறுதிப் பத்திரத்தைவிடக் குறைந்த பெறுமதியுடையதல்ல.

சொல்ல வேண்டிய விதம்

அம்மாவிடம் "நன்றி" என்று சொல்வது எங்கள் பேச்சில் ஒட்டாது. கடைக்காரரிடம் சொல்வதைப் போல ஆகிவிடும். அவரும் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார். கண்டதை அப்படியே சொல்வதுதான் எங்கள் பேச்சுக்கு இசைந்த நன்றி. "ராத்திரி தம்பிக்குக் காய்ச்சலெண்டு மூணு தரம் எழும்பினீங்க என்னம்மா, நான் கண்டனான்" என்ற ஒரு வாக்கியம் போதும். வாப்பா, உம்மா என்று அழைக்கும் வீடுகளுக்கும் இதே அளவுதான் பொருந்தும். அன்றே சொல்ல வேண்டும், நடந்ததைச் சொல்ல வேண்டும், அதற்குமேல் நீட்டத் தேவையில்லை. நேரில் சொல்ல வாய் வராதவர்கள், அவர் காதில் விழும்படி பெரியம்மாவிடமோ மாமாவிடமோ சொல்லலாம். எங்கள் ஊரில் பாராட்டு அந்த வழியாகப் போனால் கூடுதலாகத் தைக்கும்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் மதித்துப் பேசுவதே பிள்ளைகளுக்குக் கிடைக்கும் முதலாவது பாடம் என்பதால், இதைப் பெற்றோருக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்சாரப் பட்டியலில் இருந்த பிழையை மனைவி கண்டுபிடித்தால், "இது உங்கட அம்மா பிடிச்ச பிழை" என்று பிள்ளைகளின் முன் கணவர் சொல்லட்டும். மனைவியர் விட வேண்டிய ஒரு வழக்கமும் உண்டு. "அப்பா வரட்டும், சொல்லுறன்" என்று நாள் முழுவதும் பிள்ளையை அதட்டி வைத்தால், வெயிலில் உழைத்துவிட்டு வரும் மனிதர் படலையைத் திறக்கும்போதே பிள்ளைக்குப் பொலிஸ்காரராகத் தோன்றுவார். அவர் கொண்டுவந்த கடலைச் சரையைக்கூடப் பிள்ளை பயந்துகொண்டே வாங்கும். அந்த ஒரு வாக்கியத்தை நிறுத்தினாலே பல வீடுகளில் தந்தைக்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள தூரம் பாதியாகும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

ஒரு வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள்

உதவி செய்வது வேறு, பொறுப்பை ஏற்பது வேறு. அம்மா சொல்லச் சொல்லச் செய்பவர் கையை மட்டும் கொடுக்கிறார். நினைவில் வைத்திருக்கும் பாரம் அம்மாவிடமே இருக்கிறது. ஆகவே மூன்றாவது நிரலைப் பார்த்து, அதிலிருந்து ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நினைவு உட்பட முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, தாயின் கிளினிக்கை ஏற்பதென்றால், கிளினிக் கொப்பி உங்களிடம் இருக்க வேண்டும். அடுத்த திகதி உங்கள் கைபேசியில் இருக்க வேண்டும். காலையில் இலக்கம் எடுப்பதும், இரத்தப் பரிசோதனைக்கு முன் சாப்பிடக் கூடாது என்று முதல்நாள் இரவே நினைவூட்டுவதும், குளிசை முடியும் நாளைக் கணிப்பதும் உங்களுடையவை. முதல் மாதத்தில் பிழை விடுவீர்கள். அந்தப் பிழைக்குப் பின்னும் அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதே முக்கியம்.

ஆண் பிள்ளைகளுக்குக் குசினி வேலையை இவ்வாறு ஒப்படைப்பது எங்கள் பகுதியில் இன்னும் அரிது. மகனுக்குப் பத்து வயதாகும்போது வெள்ளிக்கிழமை இரவுச் சமையலில் ஆணமோ சுண்டலோ ஒன்று அவனுடையதாகட்டும். இளம் தந்தையருக்கும் ஒரு சொல். அரச சேவையில் தாய்க்கு 84 வேலைநாள் பிரசவ விடுமுறையும் தந்தைக்கு 3 நாள் விடுமுறையும் என்று எழுதப்பட்டிருப்பதால், மூன்றே நாளில் தந்தையின் பங்கு முடிந்துவிடுவதில்லை. இரவு ஒரு மணிக்கு அழும் குழந்தையைத் தோளில் போட்டு முற்றத்தில் நடப்பதற்கு எந்த விடுமுறையும் தேவையில்லை.

ஒருவர் வீட்டில் இல்லாதபோது

எங்கள் இரண்டு மாவட்டங்களிலும், தாயும் தந்தையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் குடும்பத்தை மட்டும் நினைத்து எழுதினால் அது பாதி ஊருக்கே பொருந்தும். யுத்தமும் 2004 டிசம்பர் 26 இன் கடற்கோளும் பல பிள்ளைகளிடமிருந்து ஒருவரையோ இருவரையுமோ பறித்துக்கொண்டன. சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளை அம்மம்மாமார் வளர்க்கிறார்கள். வெளிநாடு செல்லும் பெண்களிடம் 2013 முதல் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கப்பட்டது. அதே காலத்தில் கட்டாருக்குப் போன தந்தையரிடம் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று எந்த அறிக்கையும் கேட்கவில்லை. தாயின் பணி மட்டுமே கண்ணுக்குத் தெரிவதும், தெரிந்த இடத்திலும் அது அவர் மீதான குற்றச்சாட்டாகவே வருவதும் எனக்கு இன்றும் வருத்தம் தருகின்றன.

அத்தகைய வீட்டில், "உன்னை விட்டுட்டுப் போனவ" என்ற பேச்சைப் பிள்ளையின் முன் எவரும் பேச விடாதீர்கள். தாய் அனுப்பும் பணம் எதுவாக மாறியது என்பதைப் பிள்ளையின் கையாலேயே எழுதுவியுங்கள்: இந்த மாதத்துக் காசில் கிணற்றுக்கு வளையம் இறக்கினோம், அந்த மாதத்தில் சப்பாத்து வாங்கினோம் என்று எழுதி, படமெடுத்து அனுப்பினால், தொலைவில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய மதிப்பு வேறு கிடைக்காது. தொலைபேசியில் பேசும்போது பிள்ளை தன் தேவைகளை மட்டும் சொல்லாமல், நீங்கள் அங்கே எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், இன்று என்ன சமைத்தீர்கள் என்றும் கேட்கப் பழகட்டும். கணவரை இழந்து தனியே குடும்பத்தை நடத்தும் தாயிடம், தாயும் தந்தையுமாக இருக்கிறீர்கள் என்று புகழ்வதைவிட, முன்பு கணவர் செய்த வேலைகளில் எதைச் செய்வது இப்போது கடினமாக இருக்கிறது என்று கேளுங்கள். ஓடு மாற்றுவதாக இருக்கலாம், கந்தோருக்குத் தனியே போவதாக இருக்கலாம். சொன்னதில் ஒன்றைச் செய்து கொடுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடிக்கும் தந்தையையோ துன்புறுத்தும் தாயையோ போற்றும்படி இந்த வழிகாட்டி யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் 1929 என்ற இலக்கத்துக்கும், பெண்களுக்கு ஆபத்து இருந்தால் 1938 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள்.

எழுதியதை அவர்களிடமே காட்டுங்கள்

கொப்பியில் எழுதியதை ஒளித்து வைக்காமல், உரியவரிடம் வாசிக்கக் கொடுங்கள், அவர் திருத்துவார். அம்மா இப்போது அக்காவின் வீட்டுப் பின்வளவில் உள்ள சிறிய வீட்டில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமைகளில் அங்கு போகும் நான், சென்ற மாதம் இரண்டு நாட்கள் தங்கி, அவருடைய ஒரு நாளை எழுதினேன். விடியப்புறம் நாலரை மணிக்கு முற்றம் கூட்டுவதில் தொடங்கி, இரவு ஒன்பது மணிக்குப் பேரப்பிள்ளைகளின் சீருடைக்குப் பொத்தான் தைப்பது வரை இருபத்தொரு வரிகள் இருந்தன. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்த அம்மா, பேனையை வாங்கி அடியில் இன்னொரு வரியைத் தானே எழுதினார்: இரவு இரண்டு மணி, எழும்பிப் போய்ப் படலை பூட்டியிருக்குதா என்று பார்த்தது. அப்பா இருக்கும் வரை அது அப்பாவின் வேலை.